வளைகோட்டில் தெரியும் பிழை

ஒரு புள்ளியியல் மாதிரியின் முன்கணிப்பில் ஒவ்வொரு மாறிக்கும் எவ்வளவு பங்கு என்று படம் வரைவதை, ஆய்வு முடிந்தபின் செய்யும் அலங்கார வேலையாகவே பலர் கருதுகிறார்கள். அது சோதனையின் ஒரு பகுதி, விட்டுவிடக் கூடாத பகுதி என்பது என் வாதம். 1990களின் நடுவில் அமெரிக்காவில், நிமோனியா நோயாளிகளில் யாரை மருத்துவமனையில் சேர்ப்பது, யாரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என முடிவெடுக்க உதவும் மாதிரிகளை ஒப்பிட்டார்கள். துல்லியத்தில் நியூரல் நெட்வொர்க் முந்தியது. ஆனால் அதே தரவில் பயின்ற, விதிகளை எழுதிக்காட்டும் மற்றொரு மாதிரி, ஆஸ்துமா இருந்தால் இறப்பு அபாயம் குறைவு என்றது. தரவில் அப்படித்தான் இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்களை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அந்தக் கவனிப்பு அவர்களைப் பிழைக்க வைத்தது. விதியை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் உயிர் போகும். நெட்வொர்க்குக்குள் இப்படி இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று பார்க்க வழியில்லாததால், துல்லியம் குறைந்த லாஜிஸ்டிக் ரெக்ரஷனையே தேர்ந்தார்கள். 2015இல் ரிச் கருவானாவும் உடனாய்வாளர்களும், ஒவ்வொரு மாறியின் பங்கையும் தனித்தனி வளைகோடாக வரைந்துகாட்டும் மாதிரியை நிமோனியா தரவில் பொருத்தினார்கள். ஆஸ்துமாவோடு நெஞ்சுவலியும் இதயநோயும்கூட அபாயத்தைக் குறைப்பதாக அதில் தெரிந்தது.

துல்லியத்தைச் சோதித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சோதனைக்கு ஒதுக்கிய தரவிலும் ஆஸ்துமா நோயாளிகள் தீவிர சிகிச்சை பெற்றவர்களே; அங்கே அந்தத் தவறான விதி மதிப்பெண்ணைக் கூட்டவே செய்யும். எண் காட்டாத இந்தப் பிழையை, வளைகோட்டைப் பார்க்கும் மருத்துவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். காரணத்தை வளைகோடு சொல்லாது என்பது உண்மை. காரணம் கேட்க வேண்டிய இடத்தை அது காட்டுகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது தவறு.

படமே ஏமாற்றும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஜெரோம் ஃப்ரீட்மன் 2001இல் முன்வைத்த பகுதிச் சார்பு வரைபடத்தில், ஒரு மாறிக்கு ஒரே மதிப்பை எல்லோருக்கும் கொடுத்து, முன்கணிப்புகளின் சராசரியை எடுக்கிறோம். வயதை இருபது என்று வைத்தால், முதியோர் இல்லத்திலிருந்து வந்தவரும் இருபது வயதினராகிவிடுகிறார். அப்படி ஒரு நோயாளி தரவில் இல்லை. மாதிரி அங்கே சொல்வது வெறும் ஊகம். ஒரு சாராருக்கு ஏறும் கோடும் மற்றொரு சாராருக்கு இறங்கும் கோடும் சராசரியில் சேர்ந்து மட்டமாகிவிடவும் கூடும். இந்தக் குறைகளுக்கு மருந்தும் படங்களிலிருந்தே வந்தது. ஒவ்வொருவருக்கும் தனிக்கோடு வரையும் முறை 2015இல் வெளியானது. தரவு உள்ள சிறு இடைவெளிகளில் மட்டும் மாற்றத்தை அளந்து கூட்டிச்செல்லும் முறையை ஆப்லியும் ஜூவும் 2020இல் வெளியிட்டார்கள். எனவே ஒற்றைச் சராசரிக் கோட்டை மட்டும் எந்தக் கட்டுரையும் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தனிக்கோடுகளும், தரவு எங்கே அடர்த்தி, எங்கே வெறுமை என்ற குறியும் உடன் வர வேண்டும்.

பிழை தெரிந்தபின் என்ன செய்வது என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு அதிகம். ஆஸ்துமாவைத் தரவிலிருந்தே நீக்கிவிடலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை. நீக்கினால் அதன் தாக்கம், அதோடு ஒட்டுறவுள்ள மற்ற மாறிகளின் கோடுகளில் புகுந்துகொள்ளும். அங்கே எந்த மருத்துவரின் கண்ணுக்கும் அது படாது. மாறியை வைத்தே மாதிரியைப் பயிற்றி, பிறகு அந்த ஒரு கோட்டை மருத்துவர் கையால் திருத்துவதே மேல் என்பது என் கருத்து. அப்படித் திருத்தும் அதிகாரம் யாருக்கு, அதை எப்படிப் பதிவு செய்வது என்பதை இந்த அவையின் முதல் அமர்விலேயே விவாதிக்க வேண்டுகிறேன்.