கோயில் சண்டையும் சுவர்ச் சண்டையும்
(திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



எருசலேமில் ஹூர்வா என்றொரு யூத ஜெபாலயம் இருக்கின்றது. ஹூர்வா என்றால் இடிபாடு என்று அர்த்தம். கடன் கொடுத்தவர்கள் 1721-ல் அதைக் கொளுத்தினார்கள். 1864-ல் மறுபடியும் கட்டி முடித்தார்கள். 1948 யுத்தத்தில் ஜோர்டானின் அரபுப் பட்டாளம் அதை வெடிவைத்துத் தகர்த்தது. 1967-ல் இஸ்ரேல் பழைய நகரத்தைப் பிடித்த பின்பும், எப்படிக் கட்டுவது என்ற தர்க்கத்திலேயே பல வருஷம் போயிற்று. 2010 மார்ச்சில் திறந்தபோது, அல்-அக்ஸா பள்ளிவாசலுக்கு ஆபத்து என்று பாலஸ்தீனத் தலைவர்கள் சிலர் எச்சரித்தார்கள். வீதியில் கலகம் மூண்டது. இவ்வளவிலும் ஆண்டவன் ஒரு தரமாவது குறுக்கே வந்தானா? இடித்தவனும் மனிதன், கட்டியவனும் மனிதன், அடிபட்டவனும் மனிதன்தானே!

"அது பிறத்தியார் ஊர்ச் சங்கதி" என்று சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா? நம் ஜில்லா வடக்கன்குளத்தைப் பாருங்கள். அங்கே மதம் ஒன்று, வேதம் ஒன்று, பீடமும் ஒன்று. ஆனால் 1872-ல் எழும்பிய தேவாலயத்துக்கோ கால்சட்டை மாதிரி இரண்டு கிளை! வேளாளர் வகையறாவுக்கு ஒன்று, நாடார்களுக்கு ஒன்று. பிரித்து நிறுத்தச் சுவர். 1910-ல் பாதிரிமார் அச்சுவரை இடித்ததும், வேளாளர் தரப்பார் தங்கள் உரிமை போயிற்றென்று வழக்காடிச் சென்னை ஹைக்கோர்ட்டு வரை சென்று தோற்றார்கள்.

எருசலேமிலாவது கோயிலுக்காகச் சண்டை. இங்கே சுவருக்காகச் சண்டை! ஆகையால், எந்த மதத்தார் கோயில் வசூலுக்கு வந்தாலும், "உள்ளே யார் எங்கே நிற்பது?" என்று முதலில் கேளுங்கள். சரியான பதில் வரும்வரை மடியை அவிழ்க்காதீர்கள்!