பாபநாசம் அணையை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம்

(அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



“தண்ணீரிலிருந்து கரண்டை எடுத்துவிட்டால் பயிருக்குச் சத்து இருக்குமா சார்?” என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். டர்பைன் தண்ணீரின் ஆற்றலைத்தான் எடுக்கிறது. ஒரு சொட்டு நீரும் குறைவதில்லை. ஆனால், தண்ணீர் எப்போது திறக்கப்படுகிறது என்பதில்தான் வயலின் கதி இருக்கிறது. இதை மாணவர்களே கண்டறிய ஒரு மாதிரி போதும்.

நீர்வள மென்பொருள்களில் ஒரு மின்நிலையத்துக்கு முக்கியமாகக் கொடுக்க வேண்டியவை மூன்று: நீர் விழும் உயரம், டர்பைன் ஏற்கும் அதிகபட்ச நீர், பயனுறு திறன். நம் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் எக்செல் அட்டவணையே போதும்.

நாளிதழில் வரும் அணை நிலவரத்தில் நீர்வரத்து, வெளியேற்றம் இரண்டும் விநாடிக்குக் கன அடியில் இருக்கும். 1000 கன அடி என்பது 28.3 கன மீட்டர். அதை 9.8 ஆலும் உயரத்தாலும் திறனாலும் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். உயரம் 100 மீட்டர், திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 23.6 மெகாவாட். கன அடியை மாற்ற மறந்தவருக்கு 833 மெகாவாட் வரும்! பாபநாசம் மின்நிலையத்தின் நிறுவுதிறனே 32 மெகாவாட்தான் என்று சொல்லுங்கள். பிழையை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

அடுத்து இருப்புக் கணக்கு. இன்றைய இருப்புடன் வரத்தைக் கூட்டி, வெளியேற்றத்தைக் கழித்தால் நாளைய இருப்பு. 143 அடி அணை நிரம்பினால் 5500 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1000 கன அடி திறந்தால் ஒரு நாளுக்கு 86.4 மில்லியன் கன அடி போகும். மழையே இல்லையென்றால் 64 நாளில் அணை காலி. கார் நெல்லுக்கோ நூறு நாளுக்கு மேல் தண்ணீர் வேண்டும்.

இப்போது வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு குழு மின்வாரியம். மறு குழு ஸ்ரீவைகுண்டம் கடைமடை விவசாயிகள். மே மாதம் முழுக்க 2000 கன அடி திறந்து மின்சாரம் எடுக்கும் குழு, ஜூனில் கார் சாகுபடிக்கு என்ன கொடுக்கும்? பருவமழை தாமதமானால்? பாசனத்துக்குத் திறக்கும் நீரிலேயே மின்சாரமும் எடுக்கலாம் என்ற விதியை அவர்களே எழுதட்டும்.

சூத்திரம் தேர்வோடு மறந்துபோகலாம். தன் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் கணக்கைப் போட்ட பிள்ளை அதை மறக்காது.