நாள் தவறாமை துணிவு தரும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசுமாறு எமக்கு அளிக்கப்பட்ட பொருள், “இணையத்தில் படைப்போர்க்கு வேண்டும் துணிவும் தொடர்ச்சியும்” என்பதாகும். பட்டம் பெற்ற அறிஞர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பள்ளி இறுதித் தேர்வோடு கல்வியை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராய் இருக்கும் எம்மை இப்பொருள் பற்றிப் பேசப் பணித்தது ஏன் என்று முதலில் வியந்தோம். பின்னர் ஒருவாறு தெளிந்தோம். மற்றவை தெரியாவிடினும், குறித்த நேரத்தில் குறித்த வேலை நடைபெற வேண்டும் என்பதன் அருமை இரயில்வே ஊழியர்க்குச் சிறிது தெரியும் அன்றோ?

பெங்களூர்த் தமிழ் இளைஞர் பலர் இன்று கைப்பேசியைக் கையில் எடுத்துக் காணொளி ஆக்கத் தொடங்குகின்றனர். சிலர் சமையல் காட்டுகின்றனர். சிலர் ஊர்க்கதை சொல்லுகின்றனர். சிலர் பாடம் கற்பிக்கின்றனர். இரண்டு காணொளி வரும், மூன்றாவது வரும், அதன் பின்னர் அமைதி. ஏன் நிறுத்தினீர் என்று கேட்டால், “பேசக் கூச்சமாக இருக்கிறது” என்பார் ஒருவர். “பார்ப்பவர் இல்லை” என்பார் மற்றொருவர். கூச்சமும் இடைமுறிவும் இரு வேறு நோய்கள் போலத் தோன்றினும், அவை ஒன்றை ஒன்று வளர்ப்பன. கூச்சம் தீர்ந்த பின்னர்த் தொடங்குவோம் என்று காத்திருப்பவர் தொடங்குவதே இல்லை. குறித்த நாளில் குறித்த பணியை முடித்து வருபவர்க்கோ, கூச்சம் தானே தேய்ந்துபோகிறது. துணிவு என்பது தொடர்ச்சியின் விளைவு. இதுவே யாம் இன்று சொல்ல வந்தது.

முதலில் கூச்சத்தைக் காண்போம். அவைக்கு அஞ்சும் இயல்பு புதியதன்று. வள்ளுவப் பெருந்தகை “அவையஞ்சாமை” என்று 73-ஆம் அதிகாரத்தையே இதற்கென வகுத்தார். அதற்கு முன் நிற்பது “அவையறிதல்”. யாரிடம் பேசுகிறோம் என்று அறிந்துகொண்டால் அச்சத்தில் ஒரு பாதி நீங்கும் என்பதை இவ்வதிகார வைப்பே உணர்த்துவதாக யாம் கொள்ளுகிறோம். கைப்பேசியின் கண்ணாடியைப் பார்த்துப் பேசும்பொழுது முகம் தெரியாத பல்லாயிரவரை எண்ணி நடுங்குகிறோம். அந்தப் பல்லாயிரவரை மறந்துவிட்டு, ஊரிலுள்ள அத்தை ஒருவர்க்கு அல்லது தம்பி ஒருவனுக்குச் சொல்லுவதாக எண்ணிப் பேசினால் நா தடுமாறாது.

தம் குரலைத் தாமே கேட்டுவிட்டு, “இதுவா என் குரல்?” என்று மனம் சோர்பவரும் உளர். இதற்கு இயற்கையான காரணம் உண்டு. நாம் பேசும்பொழுது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் செவியை அடைகிறது. அதனால் அது நமக்குக் கனத்து ஒலிக்கிறது. பதிவில் காற்று வழி வந்த ஒலி மட்டுமே இருப்பதால் மெலிந்து கேட்கிறது. பிறர் நம்மிடம் நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் அந்தப் பதிவுக்குரலே. அவர்கள் அதை வெறுத்ததில்லை. நாமும் வெறுக்க வேண்டுவதில்லை.

பெங்களூர்த் தமிழர்க்குத் தனியே ஓர் அச்சமும் உண்டு. நம் பேச்சில் கன்னடச் சொல் கலந்து வரும். ஆங்கிலம் கலந்து வரும். மதுரையாரும் தஞ்சையாரும் கேட்டால் நகைப்பரோ என்னும் அச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே படைமுகாம் அமைந்த காலம் முதல், அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் பேசிவந்த பேச்சு இது. அடுத்த வீட்டாரோடு கூடி வாழ்ந்ததன் அடையாளம் அது, அதற்கு நாணுவானேன்?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தை நோக்குங்கள். 2018-ஆம் ஆண்டில், உழவுக் குடும்பத்து இளைஞர் சிலர், சமையற்கலையில் பழகிய தம் பாட்டனார் பெரியதம்பி அவர்களை முன்னிறுத்தி, “வில்லேஜ் குக்கிங் சேனல்” என்னும் யூடியூப் அலைவரிசையைத் தொடங்கினர். அரங்கம் இல்லை, திறந்த வயல்வெளியே அரங்கம். மெருகேற்றிய பேச்சு இல்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அதன் பெயரைத் தம் ஊர்க்குரலில் உரக்கக் கூவிக் காட்டுவர். பெருங்கலங்களில் சமைத்து, சமைத்ததை முதியோர்க்கும் பிறர்க்கும் படைப்பர். ஒவ்வொரு காணொளியும் பெரும்பாலும் இதே ஒழுங்கில் அமையும். 2021-இல் அவ்வலைவரிசை ஒரு கோடி உறுப்பினரை எட்டியது; தமிழ் அலைவரிசைகளுள் அவ்வெல்லையை முதலில் தொட்டது அதுவே. அவ்வாண்டே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினர். அவர்கள் தம் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தால் இத்துணைப் பேர் தேடி வந்திருப்பரோ?

யூடியூபில் ஏறிய முதற் காணொளி எது தெரியுமா? 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், அதன் நிறுவனர் மூவருள் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று, அவற்றின் தும்பிக்கை நீளமானது என்று சொன்ன காணொளியே அது. அதன் நீளம் 19 நொடி. இவ்வளவு எளிய தொடக்கத்திலிருந்தே அது வளர்ந்தது. ஆகவே, நம் முதற் படைப்பு சிறியதாய், குறையுடையதாய் இருப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இனித் தொடர்ச்சியைக் காண்போம்.

1940-ஆம் ஆண்டில் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றை “என் சரித்திரம்” என ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1855-இல் பிறந்த அவர்க்கு அவ்வாண்டில் அகவை எண்பத்தைந்து நிறைந்தது. 1942-இல் அவர் மறைந்தபொழுது அது முற்றுப்பெறாமலே நின்றது. ஆயினும் நமக்கு 122 இயல்கள் கிடைத்துவிட்டன. முழு நூலையும் எழுதி முடித்த பின்னர் வெளியிடுவோம் என்று அவர் காத்திருந்தால் என்னவாகியிருக்கும்? வாரம் ஓர் இயல் என்னும் ஒழுங்கன்றோ அந்நூலை நமக்குத் தந்தது!

இணையத்திலும் இத்தகையோர் உளர். சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள், 1998 தைப்பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் சிதறிய தமிழ் அன்பர்கள் ஊதியம் இன்றித் தட்டெழுதியும் பிழை திருத்தியும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐக்கிய அரபு நாடுகளில் கட்டடக் கலைஞராய்ப் பணிபுரிந்த மயூரநாதன் அவர்கள், 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கினார். தொடக்க நாளில் துணை மிகக் குறைவு; படிப்பவரும் மிகக் குறைவு. பணி முடிந்த பின்னர்க் கிடைத்த நேரத்தில் எழுதி எழுதியே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆக்கினார். இன்று அக்கலைக்களஞ்சியத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதை அவர்க்கு அளித்தது. இவ்விருவரும் நம்மைப் போலத் தாய்நிலம் விட்டுப் புறத்தே வாழ்ந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எம் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்ல விடை தாருங்கள். 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்ப் படைமுகாம் நிலையத்துக்கு இருப்புப்பாதை வந்தது. அன்று முதல் இன்று வரை, கூட்டம் சேர்ந்த பின்னர் வண்டியை விடுவோம் என்று எந்த நிலையத்தாரும் சொன்னதில்லை. வண்டி உரிய நேரத்தில் புறப்படும் என்னும் நம்பிக்கையால்தான் மக்கள் நிலையத்துக்கு வருகின்றனர். படைப்பாளியும் அவ்வாறே. பார்ப்பவர் பத்துப் பேராயினும், சொன்ன நாளில் சொன்ன காணொளி வருதல் வேண்டும். வண்டி சில வேளை தாமதமாவதும் உண்டு என நீங்கள் நகைப்பது எம் செவியில் விழுகிறது. உண்மையே. தாமதமானால் அறிவிப்பு செய்கிறோம். அதற்காக மறுநாள் வண்டியை நிறுத்திவிடுவதில்லை. நீங்களும் ஒரு நாள் தவறினால், தவறியதை அறிவித்துவிட்டு, அடுத்த முறையில் தொடருங்கள்.

இதற்குச் சில வழிகளைச் சொல்லுவோம்.

ஒன்று, வேகத்தைக் குறைத்துக் குறியுங்கள். நாளொன்றுக்கு ஒன்று எனத் தொடங்கியவர் திங்களொன்றில் களைத்துவிடுவர். வேலைக்குச் செல்வோர்க்கு மாதம் இரண்டு போதும்.

இரண்டு, முதற் காணொளியை வெளியிடுமுன் நான்கு காணொளிகளை முடித்துக் கையிருப்பில் வையுங்கள். காய்ச்சல் வந்தாலும், வீட்டில் திருமணம் வந்தாலும் நாள் தவறாது. குறித்த நாளில் தானே வெளியாகும்படி முன்னரே அமைத்து வைக்கவும் இயலும்.

மூன்று, பொருளைத் தொடராக வகுத்துக்கொள்ளுங்கள். “பெங்களூர்” என்பது பரந்த பொருள். “அல்சூர்த் தெருக்கள் பன்னிரண்டு” என்பது முடிக்கத்தக்க பொருள். பன்னிரண்டை முடித்தவர்க்கு வரும் துணிவு வேறு எவ்வாற்றானும் வாராது.

நான்கு, படத்தைவிட ஒலியைப் பேணுங்கள். படம் சிறிது மங்கினாலும் மக்கள் பொறுப்பர். பேச்சு கேளாவிடின் பொறார். மின்விசிறியை நிறுத்தி, கதவை அடைத்து, சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கியை அணிந்து பேசுங்கள். பலகணி ஒளி முகத்தில் விழுமாறு அமருங்கள். முதுகுப்புறம் விழுந்தால் முகம் இருண்டு போகும்.

ஐந்து, மறுமொழிகளை வகைப்படுத்துங்கள். பிழை சுட்டியவர்க்கு நன்றி கூறித் திருத்துங்கள். ஐயம் கேட்டவர்க்கு விடை கூறுங்கள். வசை மொழிந்தவர்க்கு விடை வேண்டா. நீக்கிவிட்டு மேலே செல்லுங்கள்.

ஆறு, பிறர் முகத்தையும் குரலையும் அவர்தம் இசைவின்றிப் பதியாதீர்கள். குழந்தைகள் திறத்தில் பெற்றோர் இசைவும் வேண்டும். பிறர்க்கு உரிமையான திரைப்பாடலை எடுத்துச் சேர்ப்பதும் தவறு.

பொருள் வருவாய் பற்றியும் ஒரு சொல். பங்காளராய்ச் சேர்ந்து விளம்பர வருவாயில் பங்கு பெற, உறுப்பினர் 1,000 பேரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018-இல் யூடியூப் விதித்தது. நீண்ட காணொளிகளுக்கு அவ்வளவே கணக்கு. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் நான்கு நிமிடம் பார்ப்பதாகக் கொண்டால், 60,000 பார்வைகள் வேண்டும். இஃது எட்டாத எண் அன்று; ஆயினும் ஓரிரு மாதத்தில் எட்டும் எண்ணும் அன்று. ஆகவே இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டா. பார்வைக் கணக்கை மாதம் ஒரு முறை பாருங்கள்; நாள்தோறும் பார்ப்பது, விதைத்த வித்தைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பதற்கு நிகராகும்.

இறுதியாக, எதைப் படைப்பது? இக்கேள்வியில்தான் நம் கடமை அடங்கியிருக்கிறது. நமக்கு அருகே கோலார் தங்கவயல் உள்ளது. 1880 முதல் ஜான் டெய்லர் குழுமம் அங்கே சுரங்கம் நடத்தியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உழைத்தனர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று ஐம்பது அகவையில் வேலை இழந்தவர் இன்று எழுபதைக் கடந்திருப்பார். அவருடைய பிள்ளைகள் பலர் நாள்தோறும் தொடர்வண்டி ஏறி இந்நகரத்துக்குப் பணிக்கு வருகின்றனர். அம்முதியோர் கண்ட ஆழம், கேட்ட பாறைவெடி, பாடிய பாட்டு, பேசிய தமிழ் ஆகியவற்றை யார் பதிவர்? நாம் கூச்சப்பட்டுக் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டிலும் சில குரல்கள் என்றென்றைக்கும் அடங்கிவிடுகின்றன. “நான் எப்படித் தோன்றுவேன்?” என்று எண்ணும் வரை அச்சம் இருக்கும். “அவர் சொல்லுவது அழியலாகாது” என்று எண்ணத் தொடங்கினால், அச்சத்துக்கு இடமே இல்லை.

ஆகவே சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். இளைஞர் இருவர் இருவராகச் சேர்ந்து, மாதம் ஒரு முதியவரைக் கண்டு, கால் மணி நேரம் பேச வைத்துப் பதிவு செய்யட்டும். அடியில் கன்னட மொழிபெயர்ப்பையும் இடட்டும். நம்மை வாழவைக்கும் மண்ணின் மக்களும் நம் கதையை அறிதல் வேண்டும். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்கலாம். ஓராண்டில் ஓர் இணையர் பன்னிரண்டு குரல்களைக் காப்பர். பத்து இணையர் நூற்றிருபது குரல்களைக் காப்பர். இதற்குப் பெரும்பொருள் வேண்டா, பெருங்கல்வியும் வேண்டா. நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்து, அந்நாளைத் தவறவிடாத உள்ளம் ஒன்றே வேண்டும்.

 வாழ்க தமிழ்! வாழ்க கன்னட நாடு!