எங்கள் அம்மப்பா
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய விழாவிலே பெரியார் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பெரியார் என்றதும் விபுலாநந்த அடிகளே நம் நெஞ்சில் வருவார். காரைதீவிலே 1892 இல் தோன்றி, 1947 இல் யாழ் நூலை நமக்குத் தந்துவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்த அப்பெருமகனைப் பற்றி என்னிலும் நன்றாகப் பேசவல்லார் இச்சபையில் பலர் உளர். மண்டூர்ப் புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை அவர்களைப் பற்றியும் அப்படியே. ஆகையால், எந்த நூலிலும் பெயர் ஏறாத ஒருவரைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். அவர் என் தாயைப் பெற்றவர், எங்கள் அம்மப்பா.

எங்கள் ஊர் எழுவான்கரையிலே, கடலுக்கும் வாவிக்கும் இடையிலே கிடக்கும் மணல்மேட்டில் உள்ளது. அம்மப்பா பாடுபட்ட வயலோ வாவிக்கு அப்பால், படுவான்கரையிலே. குருமண்வெளித் துறையில் தோணி ஏறி, மண்டூரில் இறங்கி, அங்கிருந்து நடக்கவேண்டும். விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் வாடியிலேயே தங்கிவிடுவார். மற்றக் காலங்களில் விடியுமுன் போய்ப் பொழுது பட வருவார். சிறுவர்களாகிய நாங்கள் துறையிலே காத்து நிற்போம். தோணி கரை தட்டுமுன்னரே அவருடைய குரல் தட்டும்: "ஒள்ளுப்பம் பொறுங்க மனே, சேத்துக்குள்ள இறங்காதீங்க!" மடியிலே எங்களுக்காக ஏதாவது இருக்கும்; பெரும்பாலும் நாவற்பழம். பழத்தின் சாறு வேட்டியில் பட்ட கறைக்காக அம்மம்மா ஏசுவா. அவர் சிரிப்பார்.

அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நம் பகுதியின் குடிமுறையைப் புரிந்துகொள்ள வேண்டும். இளைஞர்கள் பலர் இதனை மறந்துவிட்டமையால் சிறிது விரித்துச் சொல்லுகிறேன். இங்கே குடி என்பது தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்ணுக்கு உரியன. கலியாணம் முடித்தவன் மனைவியின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். பழைய கோயில்களில் வண்ணக்கர் உரிமையும் தகப்பனிடமிருந்து மகனுக்கன்றி, தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போவதே முன்னாளைய வழக்கம். எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தையும், வித்துவான் வி. சி. கந்தையா அவர்கள் 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகத்தையும் எடுத்துப் பாருங்கள்; நம் முன்னோர் வாழ்ந்த முறை தெரியவரும். அக்கரைப்பற்றிலே வந்திருந்து ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க அறிஞர் 2008 இல் எழுதிய பெரிய நூலிலும் இவ்வழக்கமே முதன்மையான பொருள். ஆனால் நூல்களில் இருப்பது முறை. அந்த முறையைத் தோளிலே தூக்கிய ஒரு மனிதனுக்கு அது எவ்வளவு பாரம் என்பதை நான் கண்ணாற் கண்டேன்.

அம்மப்பாவுக்கு இரண்டு தங்கைமார். தகப்பனார் இளமையிலே காலமானபடியால் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கரையேற்றும்வரை அவர் கலியாணம் செய்யவில்லை. முப்பத்திரண்டு வயதில்தான் மாலையிட்டார். பிறந்தவை மூன்றும் பெண்கள். தங்கைமாருக்குக் கட்டி முடித்தவர், மக்களுக்குக் கட்டத் தொடங்கினார்.

மூத்தவவுக்கென்று அறுத்துக் காயவைத்த பச்சைக்கல் முழுவதையும் 1957 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளம் கரைத்துவிட்டது. வயலும் தண்ணீருக்குள். வளவுக்குள்ளே நின்று, சேறாகிப் போன கல்லைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "மறுகா அறுப்பம்" என்று மட்டும் சொன்னாராம். இரண்டு வருடத்தில் அந்த வீடு எழுந்தது, கலியாணமும் நடந்தது. அடுத்த நாளே அவரும் அம்மம்மாவும் மற்றப் பிள்ளைகளும் வளவின் மூலையில் ஒரு கிடுகு வீட்டுக்கு மாறினார்கள். பிறகு இரண்டாவது வீடு, என் தாய்க்கு. மூன்றாவது வீடு சின்னம்மாவுக்கு, 1977 இல். ஒவ்வொரு முறையும் உறுதி முடித்துவிட்டு நொத்தாரிசு வீட்டிலிருந்து வரும்போது அவருடைய நடை இலேசாகிவிடும் என்று அம்மம்மா சொல்லுவா. அவரோ சாகும்வரை கிடுகு வீட்டிலேதான்.

1978 ஆம் ஆண்டு கார்த்திகை 23 ஆந் திகதி இரவை இங்கே உள்ள முதியோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சூறாவளி. நாடெங்கும் 900க்கு மேற்பட்டோர் இறந்தனர். எங்கள் கரையிலே நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம் என்ற நிலை. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அடுப்படிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தோம். காற்று ஓய்ந்து நிலம் வெளுக்கையிலே, விழுந்து கிடந்த மரங்களின்மேல் ஏறி இறங்கி ஓர் உருவம் வந்தது. அம்மப்பா. எங்களை எண்ணினார். விரலை மடக்கி மடக்கி, என் தகப்பனாரையும் சேர்த்து எண்ணினார். பிறகு பேசாமல் சின்னம்மா வீட்டுக்குப் போனார். மூன்று வீட்டையும் எண்ணி முடித்த பிறகுதான் தம்முடைய கிடுகு வீடு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அம்மம்மாவை நடு இரவிலேயே பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் இருத்தியிருந்தார்.

அவரைத் தெய்வமாக்கிப் பேச நான் வரவில்லை. பிடிவாதம் மிக்கவர். கோபம் வந்தால் மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கோபம் விழுந்த வீடு எங்கள் வீடு.

சூறாவளிக்குப் பின் எங்கள் குடும்பம் கடனில் இருந்தது. 1981 இல் என் தகப்பனார் வெளிநாட்டு வேலைக்குப் போக நினைத்தார். முகவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். தாயின் பெயரிலிருந்த சீதன வயலை ஈடு வைப்பதே வழி என்றார். அம்மப்பா ஒரே சொல்லில் மறுத்தார். "அது என்ட புள்ளைட வயிறு. அதை ஈடு வைக்கேலாது." என் தகப்பனாரும் மானமுள்ளவர். வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து அம்மப்பா எங்கள் கடப்புக்கு உள்ளே வரவில்லை. ஆனால் ஒருநாளும் வராமலும் இருக்கவில்லை! மாலையில் தோணியால் இறங்கி வந்து, கடப்புக்கு வெளியே நின்று எங்களைக் கூப்பிடுவார், மடியில் இருப்பதைத் தருவார், தாயைப் பார்த்து ஒரு தலையசைப்பு, போய்விடுவார். உள்ளே தகப்பனார் விறாந்தையில் இருந்து வேறு பக்கம் பார்ப்பார். இரண்டு பெரிய மனிதரின் நடுவிலே கையில் நாவற்பழத்தோடு நிற்பது ஒரு பிள்ளைக்கு எத்தகைய வேதனை என்பதை அவ்விருவரும் உணரவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு எப்படியோ பணம் கிடைத்தது. அம்மம்மா தன் சேமிப்பும் சீட்டுக் காசும் என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தா. தகப்பனார் போனார். இரண்டு வருடங் கழித்து வந்தார். வந்த மறுநாள் காலை, கடப்பிலே குரல் கேட்டது: "மருமகன், தோணி நிக்கிது. வயலப் பாத்துட்டு வருவமா?" தகப்பனார் சட்டையைக்கூடப் போடாமல் எழுந்து போனார். அன்று பொழுது பட்டுத்தான் இருவரும் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எவருக்கும் தெரியாது.

1986 இல் அம்மப்பா காலமானார். பெரியம்மா வீட்டு மண்டபத்திலேதான் கிடத்தினோம். கிடுகு வீட்டிலே அவ்வளவு சனத்துக்கு இடமில்லை. காரியங்கள் முடிந்த பின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார்கள். அவர் பெயரில் ஒரு துண்டு நிலமும் இல்லை. மூன்று சீதன உறுதிகளின் பிரதிகளும், ஒரு கணக்குக் கொப்பியும் இருந்தன. கொப்பியிலே எந்தப் போகத்தில் எத்தனை அவணம் நெல், யாருக்கு எவ்வளவு கூலி, எந்தப் பேரப்பிள்ளை எந்த நட்சத்திரம் என்றெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார். சொந்த உழவுக்கும் சூடடிப்புக்கும் அவர் வைத்திருந்த எருமைகள் நோயில் செத்ததாக நாங்கள் எண்ணியிருந்தோம். 1981 ஆம் வருடப் பக்கத்தில், அவை விற்ற விலை இருந்தது. அதன் கீழே, 'மருமகன் பயணம்' என்று எழுதி அதே தொகை. பக்கத்திலே 'வரவு' என்ற இடம் வெறுமையாக இருந்தது.

அதை வாசித்தவர் என் தகப்பனார். உரக்க வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். கொப்பியை மூடி அம்மம்மாவின் கையிலே கொடுத்துவிட்டு, தனியாகத் துறைப் பக்கம் நடந்தார். 1990 இல் நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது அந்தக் கொப்பியும் பெட்டியோடு போயிற்று. தகப்பனார் இருக்கும்வரை, நாவற்பழக் காலம் வந்தால், எங்கள் பிள்ளைகளுக்கென்று மண்டூர்ப் பக்கம் தோணி ஏறிப் போய் மடியில் கட்டிக்கொண்டு வருவார். வேட்டிக் கறைக்கு என் தாய் ஏசுவா.