பத்துமலையில் விழும் ஒரு சொட்டு



பத்துமலையின் 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் கால் வைத்ததும் நாம் எல்லோரும் மூச்சு வாங்கியபடி அண்ணாந்து பார்ப்போம். கூரை ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் நெற்றியில் விழும். என் பாட்டி அதைத் தீர்த்தம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தச் சொட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்தக் குகையைக் குடைந்ததே அதுதான்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். 'பத்து' என்பது இங்கே எண் அல்ல. கல் என்று பொருள்படும் மலாய்ச் சொல். மலையோரம் ஓடும் பத்து ஆற்றிலிருந்து வந்த பெயர். அந்தக் கல் சாதாரணக் கல்லும் அல்ல, சுண்ணாம்புக்கல். நிலவியலாளர்கள் இதைக் 'கோலாலம்பூர் சுண்ணாம்புக்கல்' என்றே அழைக்கிறார்கள். நம் ஊர்ப் பெயரில் ஒரு பாறை!

அதன் வயது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல். சைலூரியன் என்று சொல்லப்படும் காலம் அது. அன்று உலகில் மரம் என்று ஒன்று கிடையாது, பறவை கிடையாது. இன்று பத்துமலை நிற்கும் இடத்தில் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே விழுந்த பாரத்தில் இறுகிக் கல்லாயின. தமிழ்நாட்டில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து வெற்றிலையில் தடவினார்களே, அந்தக் கிளிஞ்சல் ஓட்டின் பொருள்தான் இங்கே மலையாக நிற்கிறது.

பிறகு, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியிலிருந்து கொதிக்கும் பாறைக் குழம்பு மேலேறி வந்து, நிலத்துக்குள்ளேயே மெல்ல ஆறிக் கருங்கல்லானது. கிழக்கே நீல நிறமாகத் தெரியும் தித்திவங்சா மலைத்தொடர் அதுதான். அந்தச் சூட்டில் பக்கத்திலிருந்த சுண்ணாம்புக்கல் வெந்து பளிங்காக மாறியது. அதனால்தான் பத்துமலையில் சிப்பி, பவளத் தடயங்களைத் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை. வெந்த கல்லில் அவை உருத்தெரியாமல் கலந்துபோயின.

இனி அந்தச் சொட்டுக்கு வருகிறேன். மழைநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மலை உச்சியின் காட்டு மண்ணில் இறங்கும்போது இன்னும் நிறைய எடுத்துக்கொள்கிறது. அப்போது அதற்கு லேசான அமிலத்தன்மை வந்துவிடுகிறது. கருங்கல்லை அது அவ்வளவு சுலபமாக அசைக்காது, சுண்ணாம்புக்கல்லையோ கரைத்துவிடும். விரிசல் பொந்தாகும், பொந்து குகையாகும். குகைக் காற்றுக்கு வந்ததும், சோடா பாட்டிலைத் திறந்தது போல, அந்த வாயு வெளியேறுகிறது. கரைந்த சுண்ணாம்பில் கொஞ்சம் அங்கேயே படிகிறது. கூரையில் ஆலம்விழுது போலத் தொங்கும் கற்கள் அப்படிச் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. அதில் ஒன்றைக் கைப்பிடி அளவு உடைப்பதற்கு ஒரு நொடி போதும். தயவுசெய்து கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த மலையில் ஒரு காலத்தில் கல்லுடைத்த தழும்பு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. அது ஆறவே ஆறாது.

நம் கண்ணுக்குத் தெரியும் பத்துமலை, இந்தப் பாறையின் சிறு துண்டுதான். கோலாலம்பூர் நகரத்தின் பெரும்பகுதிக்குக் கீழே இதே சுண்ணாம்புக்கல் படுத்திருக்கிறது. மேலே மண் மூடியிருக்க, உள்ளே கூர்முனைகளும் பள்ளங்களும் பொந்துகளும் நிறைந்திருக்கின்றன. கருங்கல் மலையிலிருந்து ஆறுகள் அரித்து வந்த ஈயம் அந்தப் பள்ளங்களில்தான் தங்கியது. 1857-இல் ஈயம் தேடி ஆற்றின் வழியே மேலேறி வந்தவர்களால்தான் கோலாலம்பூர் பிறந்தது. ஈய லம்பங்கள் எனப்படும் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பும் பள்ளங்கள் குளங்களாக நின்றன. அவற்றின் ஓரம் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் கட்டத் துளையிட்டுப் பார்த்தபோது, குறித்த இடத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகச் சரிவதும் அதில் பொந்துகள் இருப்பதும் தெரிந்தது. 452 மீட்டர் உயரக் கட்டடத்தை அங்கிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அந்தப் பாறைக்கு மேலுள்ள மணற்கல், களிப்பாறைப் படிவத்தின் மண்ணில் 100 மீட்டருக்கும் ஆழமாக அடித்தளத் தூண்களை இறக்கினார்கள். அந்தப் படிவத்தின் பெயர் கென்னி ஹில். அதுவும் பழங்காலப் படிவுதான், சுண்ணாம்புக்கல்லைவிட வயதில் இளையது. 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கப்பாதையையும் இந்தப் பொந்துப் பாறைக்குள்தான், தரை உள்வாங்காதபடி கவனமாகக் குடைந்தார்கள்.

சொட்டை விட்டுவிட்டேனே. குகையில் படியாமல் தப்பிய சுண்ணாம்பு, தண்ணீரோடு பத்து ஆற்றில் சேர்கிறது. பத்து ஆறு கோம்பாக்கில் கலக்கிறது. மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் கிள்ளான் ஆற்றோடு கூடுகிறது. அங்கிருந்து கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக நகர்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் ஊரைக் குலைத்த பின், செங்கல் வீடுகளுக்காகக் களிமண்ணை அள்ளிச் சுட்ட இடம் அது, பெயரிலேயே அது நிற்கிறது. கடைசியில் கிள்ளான் நகரைத் தாண்டிக் காண்டா மரக் காட்டுச் சேற்றின் வழியே ஆறு கடலை அடைகிறது.

அந்தக் கரையோரச் சேற்றில் கெராங் சிப்பிகள் வளர்கின்றன. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்து அவை தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. அடுத்த முறை சார் குவே தியாவ் தட்டில் ஓட்டோடு ஒன்று வந்தால், ஓட்டை வீசுமுன் சற்று உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பத்துமலையும் கடலடியில் அப்படித்தான் தொடங்கியது.