கடன் தள்ளுபடி வந்துச்சு, கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சா?

(கீழச்சிவல்பட்டி விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நம்ம சீமை வானம் பார்த்த சீமை. மழை பெய்யணும், வரத்துக்கால் ஓடணும், கண்மாய் பெருகணும். அப்பத்தான் நம்ம வீட்டுல அடுப்பு எரியும். வேற பிழைப்பு நமக்கு ஏது?

இப்படிப்பட்ட சிவகங்கைத் தொகுதியில 7 தடவை ஜெயிச்சவர் கண்டனூர்க்காரர் ப. சிதம்பரம். 1984, 89, 91ல கைச் சின்னம். 96, 98ல சைக்கிள். 2004, 2009ல மறுபடியும் கை. 1999ல நாம தோற்கடிச்சோம். 2009ல வெறும் 3,354 ஓட்டு வித்தியாசம். மூன்று தடவை நிதி மந்திரியா இருந்தார். நாட்டோட பெட்டிச் சாவியே நம்ம தொகுதிக்காரர் கையில இருந்துச்சு!

அவர் ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னா அது பொய். 2008 பிப்ரவரி 29ந் தேதி 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் நிவாரணம் அறிவிச்சார். 5 ஏக்கர் வரைக்கும் உள்ளவங்களுக்கு முழுத் தள்ளுபடி. அதுல மூச்சு விட்டவங்க உண்டு.

ஆனா யாருக்குக் கிடைச்சுச்சு? 2007 மார்ச்சுக்குள்ள பேங்குலயோ சொசைட்டியிலயோ வாங்கி, அந்த வருஷக் கடைசியில கெடு தாண்டி நின்ன கடனுக்கு. பொஞ்சாதி நகையை அடகு வச்சு நாணயமா கட்டினவனுக்கு ஒண்ணும் இல்லை. கந்துவட்டிக்கு வாங்கினவனுக்கும் இல்லை. பட்டா இல்லாத குத்தகைக்காரனுக்கு பேங்கு கடனே கொடுக்கலை, அப்புறம் எதைத் தள்ளுபடி செய்யிறது? 2013ல மத்திய தணிக்கைத் துறை சோதிச்ச கணக்குகள்ல நூற்றுக்கு 22க்கு மேல குளறுபடின்னு அறிக்கையே வந்துச்சு.

கண்மாயை அவர் மறந்துட்டார்னும் சொல்ல முடியாது. 2004 பட்ஜெட்டுல ஏரி, குளம் சீரமைக்கத் திட்டம் அறிவிச்சார். 2007 பட்ஜெட்டுல, உலக வங்கிக் கடன்ல தமிழ்நாட்டுல 5,763 நீர்நிலைகளைச் சீராக்க 2,182 கோடின்னு வாசிச்சார். நோய் தெரிஞ்சிருக்கு, மருந்தும் தெரிஞ்சிருக்கு!

தண்ணி மாநில அரசு விவகாரம்னு டெல்லிக்காரங்க சொல்றாங்க. பணம் டெல்லியில இருக்குன்னு இவங்க சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல காயறது நம்ம வயல். கரையில மண்ணைப் போட்டு பில் எழுதிட்டு, வரத்துக்கால் ஆக்கிரமிப்பைத் தொடாம விட்டா கண்மாய் எப்படிப் பெருகும்?

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில அடிக்கல் நட்டாங்க. 262 கிலோமீட்டர், 14,400 கோடி மதிப்பீடு. புதுக்கோட்டைத் தெற்கு வெள்ளாறு வரைக்கும் முதல் கட்டம். நம்ம சிவகங்கைச் சீமை ரெண்டாம் கட்டத்துலதான் வருது. நாம கேட்காம இருந்தா அது காகிதத்துலயே நிக்கும்.

தப்பு நம்ம மேலயும் இருக்கு. "நம்ம ஆளு மந்திரி"ன்னு பெருமைப்பட்டோம், "வரத்துக்கால் என்னாச்சு?"ன்னு கேட்கலை. 2019லயும் 2024லயும் அவர் மகனை ஜெயிக்க வச்சோம். அப்பவாவது கேட்டோமா? இனி எந்தக் கட்சி, எந்த ஆளு வந்தாலும் கேட்போம்:

* சர்வே செய்து வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அகற்று!
* மடை, கலுங்கைப் பழுது பார்! கருவேல முள்ளை வேரோடு எடு!
* குத்தகை விவசாயிக்கும் பயிர்க்கடன் கொடு!
* குண்டாறு இணைப்பு இரண்டாம் கட்டத்தை விரைந்து முடி!

வீட்டுக்கு ஒருத்தர் கிளம்புங்க. தாலுகா ஆபீசுலயும் கலெக்டரோட குறைதீர் கூட்டத்துலயும் மனுவோட நிப்போம். பதவியைப் பார்த்து ஓட்டுப் போட்டது போதும். கண்மாயைப் பார்த்து ஓட்டுப் போடுவோம்!

விவசாயி ஒற்றுமை ஓங்குக!