தானே பிடிக்கும் பிரேக்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வீதியில், கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகள் எத்தகையவை என்பதை நேயர்கள் அறிவர். அத்தகைய வளைவில், வண்டி சறுக்காதிருக்கும்போதே பிரேக் தானாகப் பிடித்து வேனை ஒருபுறம் இழுக்குமாயின் சாரதி திகைப்பது இயல்பே. அது சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியின் செயலாகும். 1995ஆம் ஆண்டு பென்ஸ் காரில் புகுந்து உலகெங்கும் பரவிய இக்கருவி, சாரதி சுக்கானைத் திருப்பிய கோணத்தையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிடுகின்றது. இரண்டும் முரண்படின் உரிய சக்கரத்தை மட்டும் பிடிக்கின்றது. சக்கரங்களை நேர்செய்தபின் சுக்கானின் கோண உணரியைச் சரிசெய்ய மறந்தாலும், அளவு வேறான டயரைப் பூட்டினாலும் கருவிக்குப் பொய்ச்செய்தி கிட்டக்கூடும். அதற்காகக் கருவியையே துண்டித்துவிடுதல் பேதைமை. மழைநாளில் அதுவே உயிர்காவல். செய்தியைத் திருத்துவதே அறிவுடைமை.